துளையுள்ள கல்லும் தூரிகையும்: சீன மையோவியத்தில் அறிஞர் கற்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன மையோவியங்களைத் திரையில் காட்டிப் பேசும் சிறு கூட்டங்களைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மலையும் மூங்கிலும் வரும்வரை அவை அமைதியாக இருக்கும்; வெற்றுத் தாளின் நடுவே ஒரே ஒரு கல் மட்டும் நிற்கும் ஓவியம் வந்தவுடன் கைகள் உயரத் தொடங்கும். திரும்பத் திரும்ப வந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது; பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றின் மீது நிற்கின்றன.

அது என்ன ‘அறிஞர் கல்’? கல்லில் என்ன அறிஞர்?

அறிஞர் என்பது கல்லை வைத்திருந்தவரைக் குறிக்கிறது. பழைய சீனாவில் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வந்த படிப்பாளிகள் தங்கள் எழுத்து மேசையிலும் தோட்டத்திலும் விசித்திர வடிவமுள்ள கற்களை வைத்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். சீன மொழியில் இவற்றுக்குப் பல பெயர்கள் உண்டு: கோங்ஷி என்றால் பீடத்தில் வைத்துச் சிறப்பிக்கும் கல், சீஷி என்றால் விந்தைக் கல். ‘அறிஞர் கல்’ என்பது மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் வழியாகப் பரவிய பெயர். தமிழிலும் அதுவே எளிதாக இருப்பதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

இந்த மோகம் தாங் அரச காலத்திலேயே முற்றியிருந்தது. கவிஞர் பாய் ஜூயி 843ஆம் ஆண்டில் தாய் ஏரிக் கற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமைச்சராக இருந்த நியூ செங்ரூ என்ற அவருடைய நண்பர், கற்களை விருந்தினரைப் போல உபசரித்து, அவற்றை நான்கு வகுப்புகளாகப் பிரித்துத் தரம் எழுதி வைத்திருந்ததை அதில் விவரிக்கிறார். பெரும் மலைகளும் ஆயிரம் பள்ளத்தாக்குகளும் ஒரு கைப்பிடிக்குள் சுருங்கி, உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். பின்னால் வந்த ஓவியர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இந்த வாக்கியத்துக்குக் கடன்பட்டவர்கள்.

ஆற்றோரம் கிடக்கும் கல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எதை வைத்துத் தரம் பார்க்கிறார்கள்?

நான்கு சொற்கள் உண்டு: ஷோ, ஜோ, லோ, தோ. மெலிந்திருத்தல், சுருக்கங்கள் விழுந்திருத்தல், நீர் வழிந்தோடும் தடங்கள் இருத்தல், ஒளி ஊடுருவும்படி துளைகள் இருத்தல். சோங் காலத்து ஓவியரும் எழுத்துக்கலைஞருமான மி ஃபு (1051–1107) வகுத்ததாகப் பிற்கால நூல்கள் இவற்றை அவர் தலையில் ஏற்றுகின்றன. மழமழவென்று உருண்டையாக இருக்கும் ஆற்றுக்கல் இந்த நான்கிலும் தோற்றுவிடும்.

ஐந்தாவதாக ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது: சோவ், அதாவது அவலட்சணம். கல்லுக்கு அவலட்சணமே அழகு என்ற கருத்தைச் சோங் காலத்துக் கவிஞர் சூ ஷி தொடங்கி வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் ஜெங் பான்சியாவ் அதை விரித்துப் பேசினார். இந்த ஐந்தாவது சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாவோவைப் பற்றி, அதாவது எல்லாம் தானாக இயங்கும் வழி என்று பழைய சீனத் தத்துவம் சொல்வதைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

எந்த ஊர்க் கல்லுக்கு மதிப்பு?

ஊர்கள் பல இருந்தாலும் ஓவியங்களில் அடிக்கடி காண்பவை இரண்டு. சுஜோ நகருக்கு அருகிலுள்ள தாய் ஏரியின் சுண்ணாம்புக் கற்கள் வெளிறிய சாம்பல் நிறத்தில், பெரும் துளைகளோடு, ஆளுயரத்துக்கு மேலும் இருக்கும். சுஜோவின் லியூயுவான் தோட்டத்தில் நிற்கும் ‘முகில் முடிச் சிகரம்’ என்ற கல் சுமார் ஆறரை மீட்டர் உயரம். அன்ஹுய் மாநிலத்து லிங்பியில் மண்ணைத் தோண்டி எடுக்கும் கற்கள் கருத்து, இறுகி, தட்டினால் வெண்கலம் போல ஒலிப்பவை. குவாங்தோங் மாநிலத்து யிங்தேயிலிருந்து வரும் யிங் கற்களில் சுருக்கம் அதிகம்.

அந்தத் துளைகள் எல்லாம் இயற்கையாகவே விழுந்தவையா, யாராவது குடைந்தார்களா?

இரண்டும் உண்டு. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையை அரிக்கிறது. பாறையில் எங்கே பிளவும் மென்மையும் உள்ளனவோ அங்கே அரிப்பு வேகமாக நடக்கும், இறுகிய பகுதி எஞ்சி நிற்கும். தாய் ஏரியின் அலைகள் மிச்ச வேலையைச் செய்கின்றன.

ஆனால் மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. தூ வான் என்பவர் சுமார் 1133இல் தொகுத்த கற்களின் பட்டியல் நூல், தாய் ஏரியில் கல்லெடுப்பவர்கள் சுத்தியலும் உளியுமாக ஆழ்நீரில் இறங்கி வெட்டியெடுத்ததையும், வடிவம் போதாத கல்லைச் செதுக்கித் திருத்தி மீண்டும் நீரில் மூழ்கடித்து, அலை அடித்து அடித்து உளித்தடம் மறையும்வரை காத்திருந்ததையும் ஒளிவின்றிச் சொல்கிறது. என் மேசையிலும் கையளவு யிங் கல் ஒன்று இருக்கிறது. முழுக்க இயற்கையானது என்று சொல்லித்தான் விற்றார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு துளையின் உள்விளிம்பில் துளைப்பான் சுழன்ற வரைகள் திருகாணி மரை போல வரிசையாகத் தெரிகின்றன. முதலில் கோபம் வந்தது. தூ வானைப் படித்த பிறகு, இந்த வியாபாரத்தின் வயது தெரிந்து அடங்கிவிட்டது.

கல்லைக் கும்பிடுவார்களாமே, உண்மையா?

கும்பிட்டவர் ஒருவரே புகழ்பெற்றார். அவர்தான் மேலே சொன்ன மி ஃபு. வூவெய் என்ற ஊரில் அதிகாரியாக இருந்தபோது, அவலட்சணமும் விந்தையுமான ஒரு பெருங்கல்லைக் கண்டு, என் வணக்கத்துக்குத் தகுதியானது இதுவே என்று சொல்லி, அலுவல் உடை தரித்து வந்து அதை வணங்கி, ‘அண்ணா’ என்று அழைத்ததாகச் சோங் வரலாற்று நூல் பதிவு செய்கிறது. மேலதிகாரியைக் கண்டால் எந்த உடையில் எப்படி வணங்க வேண்டும் என்று விதி இருந்த ஊரில் அதே வணக்கத்தை ஒரு கல்லுக்குச் செலுத்தியதில் பக்தியை விடக் குறும்பே அதிகம் என்பது என் எண்ணம். ஆனாலும் அது வெறும் குறும்பன்று. கல்லை உயிரற்ற பொருளாகப் பார்க்காத ஒரு மனம் அதற்குப் பின்னால் இருந்தது.

சரி, இதில் தாவோ எங்கே வருகிறது?

துளையில் வருகிறது. தாவோ மரபின் மூல நூலான ‘தாவோ தே ஜிங்’கின் 11ஆம் இயல் மூன்று காட்சிகளைக் காட்டுகிறது: முப்பது ஆரங்கள் ஒரு குடத்தில் கூடினாலும் சக்கரத்தைச் சுழலச் செய்வது குடத்தின் நடுவிலுள்ள வெற்றிடம், களிமண்ணைப் பிசைந்து பாண்டம் செய்தாலும் உதவுவது அதனுள்ளிருக்கும் வெறுமை, சுவரில் வாயிலும் சாளரமும் திறந்தால்தான் அறை அறையாகிறது. இருப்பது ஆதாயம் தரும், இல்லாதது பயன் தரும் என்று அந்த இயல் முடிகிறது. அறிஞர் கல்லை முன்னால் வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். துளைகளை அடைத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பாறாங்கட்டி.

அடுத்தது, துளை எப்படி விழுந்தது என்பது. நீரைவிட மென்மையானது உலகில் இல்லை, கடினமானதைத் தாக்குவதில் அதை மிஞ்சுவதும் இல்லை என்று 78ஆம் இயல் சொல்கிறது. உருவமற்றது இடைவெளியற்றதினுள்ளும் புகும் என்கிறது 43. அதை அப்படியே நடத்திக் காட்டிய சான்றுப் பொருளாக இந்தக் கல்லைப் பார்த்தார்கள். கல் நிலையானது என்று நாம் நினைக்கிறோம்; அவர்கள் அதில் கண்டது நிகழ்ந்துகொண்டிருக்கும் மாற்றம். வானும் மண்ணும் சேர்ந்த தூய ‘ச்சி’ உறைந்து கல்லானது என்று தூ வானின் நூலுக்கான முன்னுரை தொடங்குவதும், கவிதைகளில் கல்லுக்கு ‘முகிலின் வேர்’ என்ற பெயர் வழங்குவதும் இதனால்தான். ச்சி என்பது மூச்சு, ஆவி, ஆற்றல் எல்லாம் சேர்ந்த ஒரு சொல்.

மூன்றாவதாக, பயனின்மை. அதே மரபின் இன்னொரு பழைய நூலான ‘ஜுவாங்சி’யில் ஒரு தச்சர் ஊர்க் கோயிலருகே நிற்கும் மாபெரும் மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கிறார். படகு செய்தால் மூழ்கும், தூண் செய்தால் செல்லரிக்கும், எதற்கும் உதவாத மரம் என்கிறார். அன்றிரவு கனவில் வந்த மரம், உதவாததால்தான் இவ்வளவு காலம் வெட்டுப்படாமல் வளர்ந்தேன் என்று பதில் சொல்கிறது. அதே நூலின் இன்னோர் இயல் முழுவதும், உடல் குறையுள்ள, பார்க்கச் சகிக்காத மனிதர்களிடம் நிறைந்திருக்கும் உள்ளாற்றலைப் பற்றிய கதைகளால் ஆனது. கட்டடத்துக்கும் உதவாத, சிலை வடிக்கவும் தோதுப்படாத, அவலட்சணமான கல்லைத் தேடி அலைந்தவர்கள் இந்தக் கதைகளைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள்.

துளைக்குள் வேறோர் உலகம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது தத்துவமா கதையா?

கதை, சமயம், நிலவியல் மூன்றும் கலந்தது. தாவோ சமயத்தில் ‘குகைச் சொர்க்கங்கள்’ என்ற கருத்து உண்டு. மலைகளுக்கு அடியில், தமக்கென வானும் ஒளியும் கொண்ட உலகங்கள் இருப்பதாகவும், அவற்றில் பெரியவை பத்து, சிறியவை முப்பத்தாறு என்றும் எண்ணிப் பெயரிட்டிருக்கிறார்கள். பெரிய பத்தில் ஒன்பதாவதான லின்வூ குகை எங்கே இருக்கிறது தெரியுமா? தாய் ஏரியிலுள்ள மேற்கு தோங்திங் மலைத் தீவில். துளைக்கற்களுக்குப் பேர்போன அதே ஏரி. கல்லின் துளையைக் குகைச் சொர்க்கத்தின் வாயிலாகக் கண்டது கவிஞர்களின் கற்பனை மட்டுமன்று. இரண்டும் ஒரே சுண்ணாம்புப் பாறையில், ஒரே நீரால் குடையப்பட்டவை.

ஜாடிக்குள் உலகம் இருந்ததாக ஒரு கதையும் உண்டு; அது இன்னும் பழையது. சந்தையில் மருந்து விற்ற ஒரு முதியவர் மாலையானதும் தம் கடையில் தொங்கிய ஜாடிக்குள் குதித்து மறைவதை ஃபெய் சாங்ஃபாங் என்ற சந்தை அதிகாரி கண்டார். பிறகு அவரோடு உள்ளே போனபோது அங்கே மாளிகையும் விருந்தும் இருந்தன. சூ ஷி 1094இல் ஹூகோவில் ஒன்பது சிகரங்கள் உள்ள ஒரு சிறு கல்லைப் பார்த்து, ஜாடிக்குள் அடங்கிய ஜியூஹுவா மலை என்று பெயரிட்டு, நூறு பொன் கொடுத்து வாங்க நினைத்தார். நாடுகடத்தப்பட்டுத் தெற்கே போய்க்கொண்டிருந்த நேரம், வாங்க முடியவில்லை. எட்டாம் ஆண்டில் திரும்பி வந்து விசாரித்தால் கல்லை வேறு யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். அதற்கும் ஒரு கவிதை எழுதினார்.

அப்படியானால் கல் ஓவியம் எல்லாமே தாவோ ஓவியமா?

இல்லை. காட்சிக்கூடக் குறிப்பட்டைகளில் தாவோ என்ற சொல்லைத் தாராளமாகத் தெளிக்கும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. ஒரே படிப்பாளி அலுவலகத்தில் கன்பூசியராகவும், ஓய்வில் தாவோவாதியாகவும், துயரத்தில் பௌத்தராகவும் இருந்தார். அறவோர் மலையில் மகிழ்வர் என்றவர் கன்பூசியஸ். காற்றுக்கும் மழைக்கும் அசையாத கல்லை நேர்மையின் உருவாகக் கண்டதும் அந்த மரபுதான். மூங்கிலோடு சேர்த்து வரைந்த கல் பெரும்பாலும் இந்தப் பொருளில் வரும். துளையையும் நீரையும் உருமாற்றத்தையும் ஓவியம் முதன்மைப்படுத்தும்போதுதான் தாவோ என்று பேச இடமிருக்கிறது.

கல்லே கையில் இருக்கும்போது அதை ஏன் வரைய வேண்டும்?

கல்லை ஒரு நேரத்தில் ஒரு பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும். இந்த எளிய தொல்லையிலிருந்து பிறந்த பேரோவியம் 1610ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மிங் காலத்து அதிகாரியான மி வான்ஜோங்குக்குக் கல் பைத்தியம் முற்றியிருந்தது. அவரிடம் ஒரு லிங்பிக் கல் கிடைத்தது. அதை ஓவியர் வூ பின் பத்துக் கோணங்களிலிருந்து, பத்துத் தனிப் படங்களாக ஒரு நீண்ட சுருளில் வரைந்தார். முன், பின், இடம், வலம் என்று பக்கம் மாற மாற அதே கல் தீநாக்குகளாகவும் அலையாகவும் உறைந்த புகையாகவும் மாறுகிறது. எது உண்மையான கல் என்று கேட்டால் விடை இல்லை. அந்தக் கல்லின் பெயரே ஃபெய்ஃபெய். ‘அல்ல, அல்ல’ என்று பொருள் கொள்ளலாம்.

கல் தொலைந்துபோய்விட்டது, சுருள் இருக்கிறது. இன்றைய கல் ஓவியர்கள் பலரும் இந்தச் சுருளுக்கு மாணவர்கள்.

கறுப்பு மை மட்டும் ஏன்? வண்ணம் சேர்த்தால் என்ன?

சேர்த்தவர்கள் உண்டு. ஆனால் மையைச் சரியாகக் கையாண்டால் ஐந்து நிறங்களும் அதிலேயே அமையும் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஓவிய வரலாற்றாசிரியர் ஜாங் யான்யுவான் எழுதிவிட்டார். ஐந்து நிறங்கள் கண்ணைக் குருடாக்கும் என்ற ‘தாவோ தே ஜிங்’ 12ஆம் இயலும் படித்தவர்கள் காதில் ஒலித்துக்கொண்டிருந்திருக்கும். கல்லைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு: கல்லுக்கு நிறத்தைவிட மடிப்பும் நிழலும்தான் முகம்.

அந்த மையும் தாளும் எப்படிப்பட்டவை? தப்பாக வரைந்தால் அழித்துக்கொள்ளலாமா?

அழிக்க முடியாது. பைன் மரத்தை அல்லது எண்ணெயை எரித்துச் சேர்த்த கரியை, நம் தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரம் போன்ற விலங்குப் பசையோடு குழைத்து அச்சில் உலர்த்தினால் மைக்கட்டி. அதை மைக்கல்லில் சில துளி நீர் விட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். தொடக்கத்தில் கறகறவென்று உரசும். மை கெட்டிப்பட்டதும் சத்தம் அடங்கி, கட்டி போன தடத்தில் நீர் உடனே மூடிக்கொள்ளாமல் ஒரு நொடி பிளந்து நிற்கும். அதுதான் பதம்.

ஷுவான் தாள், அன்ஹுயின் ஜிங் வட்டத்தில் சிங்தான் என்ற மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் கொண்டு செய்யப்படுவது; அதன் கைவினை 2009இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ‘பச்சை’த் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும்: தூரிகை நுனியால் ஒரு புள்ளி வைத்தால் நடுவில் கறுப்பு, சுற்றிலும் சாம்பல், அதற்கும் வெளியே நீர் மட்டும் போய் நின்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு வளையம். படிகாரமும் பசையும் ஏற்றிய ‘பக்குவப்பட்ட’ தாளில் மை பரவாது. அடுக்கு மேல் அடுக்காக நுணுக்கமாக ஏற்றலாம். எப்படியானாலும் வெள்ளை என்பது பூசப்படுவதன்று, விடப்படுவது. கல்லின் துளை தாளின் வெறுமையாகவே நிற்கிறது. 11ஆம் இயல் பற்றி மேலே சொன்னதை ஓவியர் கை இங்கே செய்துகாட்டுகிறது: துளையை அவர் வரைவதில்லை, அதைச் சுற்றித்தான் வரைகிறார்.

இக்காலத்தில் இதை யார் வரைகிறார்கள்?

முதலில் சொல்ல வேண்டியவர் லியூ தான். 1953இல் நான்ஜிங்கில் பிறந்தவர். பாட்டனாரிடம் செவ்வியல் நூல்களும் எழுத்துக்கலையும் பயின்றவர். பண்பாட்டுப் புரட்சி முடிந்தபின் ஜியாங்சு ஓவியக் கழகத்தில் ஓவியர் யா மிங்கிடம் கற்றார். 1981இல் ஹவாய்க்கும் 1992இல் நியூயார்க்குக்கும் போய், 2006இல் பெய்ஜிங் திரும்பினார். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலக் கோட்டோவியங்களையும் கூர்ந்து பயின்றவர்; 2016இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைக் காட்சிப்படுத்தியது.

கல் அவருக்கு நிலக்காட்சியின் குருத்தணு. எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய குருத்தணுவைப் போல, ஒரு கல்லின் மடிப்பிலிருந்து மலை, முகில், அருவி எதுவும் வளரலாம் என்பது அவர் பார்வை. பாய் ஜூயி மலையைக் கல்லுக்குள் சுருக்கினார். இவர் கல்லிலிருந்து மலையை முளைக்கவிடுகிறார். 2010இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், தன் சேமிப்பிலுள்ள பழம்பொருளுக்கு மறுமொழியாகப் புதிய ஓவியம் படைக்கும்படி பத்து ஓவியர்களை அழைத்தபோது, மற்றவர்களில் பலரைப் போல ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் ‘மதிப்புக்குரிய முதியவர்’ என்ற கல்லையே இவர் தேர்ந்தெடுத்தார். சிற்பியும் பெரும் கல் சேகரிப்பாளருமான ரிச்சர்ட் ரோசன்பிளம் வைத்திருந்த கல் அது.

புகைப்படம் மாதிரி அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது. தாவோ என்றால் இயல்பாக, தளர்வாகச் செய்வது அல்லவா?

கூட்டங்களில் வரும் கேள்விகளில் இதுவே சிறந்தது. தாவோ நூல்கள் பேசும் ‘வூ வெய்’ என்பதைச் செயலின்மை என்று மொழிபெயர்ப்பதால் வரும் குழப்பம் இது. வலிந்து செய்யாமை என்பது பொருத்தமாக இருக்கும். ‘ஜுவாங்சி’யில் வரும் சமையற்காரர் திங் எருதை அறுக்கும் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான எருதுகளை அறுத்தும் அவர் கத்தி மழுங்கவில்லை, ஏனெனில் மூட்டுகளுக்கிடையிலுள்ள வெற்றிடத்தில் மட்டுமே கத்தியை ஓட்டுகிறார். சிக்கலான இடம் வந்ததும் அவர் என்ன செய்கிறார்? கண்ணை அங்கேயே நிறுத்தி, கையை மெதுவாக்கி, கத்தியை மயிரிழையாக நகர்த்துகிறார். தாவோ நூல்களின் மிகப் புகழ்பெற்ற கைவினைஞர் அவசரக்காரரும் அல்லர், தளர்ந்தவரும் அல்லர்.

புகைப்படம் என்ற ஒப்புமையும் நெருங்கிப் பார்த்தால் நிற்காது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று லியூ தானின் கல்லில் தேடிப்பாருங்கள். ஒரே விளக்கின் நிழலாக அது அமைவதில்லை. ஒவ்வொரு மடிப்பும் தனக்கு வேண்டிய ஒளியைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது. தொலைவில் ஒரே உருவமாக நின்ற கல், கைநீட்டும் தூரத்தில் கலைந்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஓடும் நுண்கீற்றுகளாகிவிடும்; அந்தக் கீற்றுகள் ஒரு திசையில் ஒழுகுகின்றன, நீர் ஒழுகிய திசையில். அவர் பார்த்து எழுதுவது கல்லின் தோலை மட்டுமன்று, அது அரிக்கப்பட்ட வழியையும். எனக்கு இந்த ஓவியங்கள் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

லியூ தானைத் தவிர வேறு யாரைப் பார்க்கலாம்?

செங் சியாவ்ஜுன் (பிறப்பு 1954) முறுக்கேறிய பழமரங்களையும் கற்களையும் வரைபவர். அறிஞர் அறைப் பொருள்களின் தேர்ந்த சேகரிப்பாளரும்கூட. மரமா கல்லா என்று பிரிக்க முடியாத இடங்கள் அவர் ஓவியங்களில் வரும். 1968இல் யின்சுவானில் பிறந்த தாய் சியாங்ஜோ, நிலக்காட்சி ஓவியத்துக்கும் பண்டைய வானியல் கருத்துகளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர். அவர் கற்கள் தரையில் நிற்பதில்லை, இன்னும் உருவாகி முடியாத விண்பொருள்களைப் போல மங்கலில் மிதக்கின்றன. தாவோவின் அண்டத் தோற்றக் கதைக்கு, அதாவது பிரிவுபடாத ஒரு குழப்பநிலையிலிருந்து எல்லாம் பிரிந்து வந்தது என்ற கதைக்கு, மிக நெருங்கியவர் இவரே.

மையை விட்டு வெளியே போக விரும்பினால் சிற்பி ஜான் வாங் (பிறப்பு 1962). 1995 முதல் உண்மையான கல்லின் மேல் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வைத்து அடித்து, உரித்தெடுத்துப் பற்றவைத்து, கண்ணாடி போல மெருகேற்றுகிறார். உள்ளே கல் இல்லை, வெறும் கூடு. வெளியே தெரிவதும் கல் அன்று. எதிரே நிற்கும் நகரமும் உங்கள் முகமும். வெறுமையைப் பற்றிய கேலியா மரியாதையா என்று என்னால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய கல்லை வரைவது, வெளிநாட்டாருக்குக் கீழைநாட்டுச் சரக்கை விற்பது ஆகாதா?

இந்தக் குற்றச்சாட்டுக்குச் சீனாவிலேயே வரலாறு உண்டு. 1985இல் நான்ஜிங்கில் மாணவராக இருந்த லீ சியாவ்ஷான், சீன ஓவியம் முட்டுச்சந்துக்கு வந்துவிட்டது என்று ஒரு கட்டுரை எழுதி நாடெங்கும் வாதத்தைக் கிளப்பினார். மரபு செத்துவிட்டது என்றவர்கள் ஒரு பக்கம், அப்படியே காக்க வேண்டும் என்றவர்கள் மறுபக்கம். பழைய நடைமுறையில் கல்லின் பரப்புக்கு ‘சுன்’ எனப்படும் ஆயத்தக் கோடுகள் இருந்தன: கோடரி வெட்டுப் போன்றது, சணல் நார் போன்றது, முகில் சுருள் போன்றது என்று. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து எங்கும் இட்டு நிரப்பலாம். முட்டுச்சந்து என்றது பெரும்பாலும் இதைத்தான்.

லியூ தான் அந்த ஆயத்தக் கோடுகளை விட்டுவிட்டு, ஒரே ஒரு கல்லை முன்னால் வைத்து, அதன் பரப்பு கேட்கும் கோட்டைப் புதிதாகத் தேடுகிறார். இது பழமையை விற்பதாகாது என்பது என் தீர்ப்பு. எனினும் சந்தை இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2013 இறுதியில் தொடங்கி நடத்திய சமகால மைக்கலைக் காட்சி போன்றவை இந்த ஓவியர்களின் விலையையும் உயர்த்தின. அதைப் பார்த்துத் துளை வைத்த கல்லை அவசரமாக வரைந்து தள்ளும் பலரும் கிளம்பியிருக்கிறார்கள்.

எளிமையைப் போதிக்கும் தாவோ எங்கே, கோடிக்கணக்கில் ஏலம் போகும் கல் ஓவியம் எங்கே?

முரண்தான், மழுப்ப வேண்டியதில்லை. வூ பின்னின் சுருள் 1989இல் நியூயார்க்கில் 12.1 லட்சம் டாலருக்கு விற்றது. 2020இல் பெய்ஜிங்கில் 51 கோடி யுவானைத் தாண்டியது. சூ ஷி வரைந்ததாகக் கருதப்படும் பட்டமரமும் விந்தைக் கல்லும் கொண்ட சிறு ஓவியம் 2018இல் ஹாங்காங்கில் 46.36 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. நூறு பொன்னுக்கு ஒரு கல்லை வாங்க முடியாமல் போனவர் வரைந்ததாகச் சொல்லப்படும் படம் அது.

கல்லுக்காக நாடே விலை கொடுத்ததும் உண்டு. சோங் பேரரசர் ஹுய்ஜோங் தாவோ சமயத்தில் ஆழ்ந்தவர், தாமே தேர்ந்த ஓவியர்; அவர் பெயரில் வழங்கும் ‘மங்கல டிராகன் கல்’ ஓவியம் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைநகர் காய்ஃபெங்கில் கென்யுவே என்ற செயற்கை மலைத் தோட்டத்துக்காகத் தெற்கிலிருந்து கற்களைப் படகுகளில் கொண்டுவரச் செய்தார். வழியில் இடைஞ்சலான பாலங்களும் மதகுகளும் இடிக்கப்பட்டன. பொறுக்க முடியாத மக்கள் 1120இல் ஃபாங் லாவின் தலைமையில் கிளர்ந்தார்கள். சில ஆண்டுகளில் வடக்கிலிருந்து வந்த ஜுர்சென் இனத்தவரின் படை நகரை முற்றுகையிட்டபோது, அதே கற்களை உடைத்துக் கவண்பொறிகளில் வைத்து எறிந்தார்கள். இந்தக் கதையை அறியாமல் அறிஞர் கல்லின் அமைதியைப் பற்றி மட்டும் பேசுபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு.

ஓர் ஓவியத்தின் முன் நின்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

துளையிலிருந்து தொடங்குங்கள். அதன் விளிம்பு ஒரே கனத்தில் கத்தரித்தாற்போல் இருந்தால் ஓவியர் துளையை ஓர் அடையாளமாக ஒட்டியிருக்கிறார் என்று பொருள். நல்ல ஓவியத்தில் விளிம்பு ஓரிடத்தில் கூர்ந்து, ஓரிடத்தில் உள்ளே மடங்கி, ஓரிடத்தில் தாளோடு கரைந்துபோகும். அடுத்து கோடுகள் எந்தத் திசையில் ஒழுகுகின்றன என்று பாருங்கள். கல்லின் பெயரையும் எந்த மலை போலிருக்கிறது என்பதையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்; முதலிலேயே சிங்கம், கிழவர் என்று உருவம் தேடினால் கண் அத்தோடு நின்றுவிடும்.

தலைகீழாக மாட்டினால் யாருக்காவது தெரியுமா?

கேட்டவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் கல்லுக்கு மேல் கீழ் எதுவென்று தீர்மானிப்பவர் தச்சர். மண்ணிலிருந்து எடுத்த கல்லை உருட்டி உருட்டிப் பார்த்து, ஒரு நிலையைத் தேர்ந்து, அடிப்பகுதியின் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் பொருந்தும்படி மரப்பீடம் குடைவார்கள். பீடம் அமைந்த பிறகுதான் அந்தக் கல்லுக்குத் தலையும் காலும் வருகின்றன. சமகால ஓவியர்கள் பலரும் பீடத்தையும் தரையையும் விட்டுவிட்டுக் கல்லை மட்டும் வரைவதால், அவர்களுடைய ஓவியத்தில் எழுத்தையும் முத்திரையையும் மறைத்துவிட்டால் உண்மையிலேயே தடுமாறலாம்.

பீடத்தைப் பற்றி இன்னொரு செய்தி. உயர்ந்த பீடங்களுக்கு விரும்பப்பட்ட மரம் ட்சுதான். கருஞ்சிவப்பு, நீரில் அமிழும் கனம், தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி மெருகு. அது நம் செம்மரம்தான் என்று மரபாக அடையாளம் காண்கிறார்கள், ஆந்திர, தமிழக எல்லை மலைகளில் வளர்கிற அதே மரம்.